வெளிநாட்டு உதவியும் வருமானமும்: புதுச்சேரி தரும் சான்றுகள்

பணக்கார நாடுகளின் அரசுகளும் உலக வங்கி போன்ற பன்னாட்டு அமைப்புகளும் ஏழை நாடுகளுக்கு மானியமாகவோ குறைந்த வட்டிக் கடனாகவோ தரும் பணம் வளர்ச்சி உதவி எனப்படுகிறது. 1969இல் இதற்கு முறையான வரையறை வகுக்கப்பட்டது. படைச் செலவுக்கான பணம், தனியார் முதலீடு, வெளிநாட்டில் வேலை பார்ப்போர் வீட்டுக்கு அனுப்பும் பணம் ஆகியவை இதில் சேர்வதில்லை. பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை இதற்கு ஒதுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச் சபை 1970இல் தீர்மானித்தது. சுவீடன், நார்வே, டென்மார்க், லக்சம்பர்க் போன்ற சில நாடுகளே அந்த அளவைத் தொடர்ந்து எட்டியுள்ளன.

இந்தப் பணம் அதைப் பெற்ற மக்களின் வருமானத்தை உயர்த்தியதா என்ற கேள்விக்குப் பொருளியலாளர்கள் அறுபது ஆண்டுகளாக விடை தேடுகிறார்கள். கேள்வி எளிமையாகத் தோன்றினாலும் அளப்பது கடினம். பஞ்சம், போர், புயல் என்று வருமானம் விழும் நாட்டுக்கே உதவி அதிகமாகப் போகிறது. எனவே உதவியையும் வளர்ச்சியையும் அப்படியே ஒப்பிட்டால், உதவி வந்ததால்தான் வளர்ச்சி குறைந்தது என்பது போன்ற பொய்த்தோற்றம் கிடைக்கும். யாருக்கு உதவி போகிறது என்பதும் தேவையைப் பொறுத்து மட்டும் முடிவாவதில்லை. ஆல்பர்ட்டோ அலெசினாவும் டேவிட் டாலரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, முன்னாள் காலனி உறவும் ஐ.நா. வாக்கெடுப்பில் கிடைக்கும் ஆதரவும் உதவியின் திசையைப் பெருமளவு தீர்மானிக்கின்றன என்று காட்டியது. பிரான்ஸ் தன் பழைய காலனிகளுக்கே அதிகம் கொடுத்தது.

தொடக்க கால நம்பிக்கை எளியது. ஏழை நாடுகளில் சேமிப்பு குறைவு, இயந்திரம் வாங்க அந்நியச் செலாவணியும் குறைவு. இந்த இரண்டு இடைவெளிகளையும் வெளிப்பணம் நிரப்பினால் வருமானம் தானாக உயரும். ஹாலிஸ் சென்னரியும் ஆலன் ஸ்ட்ரௌட்டும் 1966இல் இதற்குக் கணித வடிவம் கொடுத்தனர். இருபது ஆண்டுகள் கழித்து பால் மோஸ்லி ஒரு முரணைச் சுட்டிக்காட்டினார். தனித்தனித் திட்டங்களை மதிப்பிட்டால் பெரும்பாலானவை பலன் தந்ததாகத் தெரிகிறது. ஆனால் நாட்டின் மொத்த வளர்ச்சிக் கணக்கில் அவற்றின் தடத்தைக் காண முடிவதில்லை.

நல்ல பொருளாதாரக் கொள்கை உள்ள நாடுகளில் மட்டும் உதவி வளர்ச்சியைக் கூட்டுகிறது என்று கிரெய்க் பர்ன்சைடும் டேவிட் டாலரும் 2000இல் எழுதினர். உலக வங்கிக்கும் பல அரசுகளுக்கும் அந்த முடிவு பிடித்துப்போனது. நான்கு ஆண்டுகளில் வில்லியம் ஈஸ்டர்லி, ராஸ் லெவைன், டேவிட் ரூட்மன் மூவரும் அதே கணக்கில் கூடுதல் ஆண்டுகளையும் நாடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த முடிவு நிலைக்கவில்லை. பின்னாளில் இந்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர்களாக இருந்த ரகுராம் ராஜனும் அரவிந்த் சுப்பிரமணியனும் 2008இல், காலனி உறவு போன்ற வரலாற்றுக் காரணங்களால் வந்த உதவியைப் பிரித்தெடுத்து அளந்தனர். உதவிக்கும் வளர்ச்சிக்கும் இடையே உறுதியான தொடர்பு எதையும், நன்மையாகவோ தீமையாகவோ, அவர்கள் காணவில்லை.

விவாதம் அத்துடன் முடியவில்லை. பள்ளிக்கூடம் கட்டக் கொடுத்த பணத்தின் பலனை நான்கே ஆண்டுகளில் தேடுவது முறையல்ல என்று மைக்கேல் கிளெமென்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் வாதிட்டனர். விரைவில் பலன் தரக்கூடிய உதவியை மட்டும் பிரித்து, போதிய கால இடைவெளி விட்டுப் பார்த்தபோது மிதமான உயர்வு தெரிந்தது. 2017இல் செபாஸ்தியன் கலியானி குழுவினர் இன்னொரு வழியைக் கையாண்டனர். தலா வருமானம் ஒரு வரம்பைத் தாண்டியதும் உலக வங்கியின் சலுகைக் கடன் குறையத் தொடங்கும். அப்படித் தாண்டிய 35 நாடுகளை ஆராய்ந்து, தேசிய வருமானத்தில் ஒரு விழுக்காட்டளவு உதவி கூடினால் ஆண்டு வளர்ச்சி ஏறத்தாழ 0.35 விழுக்காட்டுப் புள்ளி கூடுகிறது என்று கணக்கிட்டனர். பலன் உண்டு, ஆனால் சிறிது என்பதே இன்று பலர் ஏற்கும் நிலை.

சராசரி என்பது பலவற்றைக் கலந்துவிடுகிறது என்பதே இங்குள்ள பெரிய சிக்கல். தானியம், படகு, தடுப்பூசி, பாலம், ஆலோசகரின் சம்பளம் எல்லாமே ஒரே தலைப்பில் டாலராக எழுதப்படுகின்றன. பணம் வந்து சேர்ந்த இடத்தில் உண்மையில் எது பற்றாக்குறையாக இருந்தது என்று கேட்கும்போதுதான் விடைகள் தெளிவாகப் பிரிகின்றன.

இந்தியாவின் அனுபவமே இதைக் காட்டும். 1957இல் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது. 1958இல் இந்தியாவுக்கு உதவும் நாடுகளின் கூட்டமைப்பு உருவானது. புதுச்சேரியிலிருந்து அதிகத் தொலைவில்லாத நெய்வேலியில் சோவியத் உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962இல் இயங்கத் தொடங்கியது. பழுப்பு நிலக்கரி மண்ணுக்கு அடியில் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். இயந்திரமும் அதை வாங்கச் செலாவணியும்தான் இல்லை. அந்த இல்லாமையை உதவி நேராகத் தீர்த்தது. தென்னாற்காட்டு உழவர்களின் பம்புசெட்டுகள் முதல் சென்னையின் ஆலைகள் வரை அந்த மின்சாரம் ஓடியது.

தானிய உதவியின் கதை வேறு. அமெரிக்காவின் பி.எல். 480 சட்டத்தின் கீழ் இந்தியா கோதுமையை ரூபாய்க்கே வாங்கியது. 1966இல் தானிய இறக்குமதி ஒரு கோடி டன்னைத் தொட்டது. மலிவுத் தானியம் உள்நாட்டு விலையைத் தாழ்த்தி உழவரின் வருமானத்தைக் கெடுக்கும் என்று தியோடர் ஷுல்ட்ஸ் 1960இலேயே எச்சரித்திருந்தார். நியாய விலைக் கடைகள் வழியே தனியாக விற்கப்பட்டதால் பாதிப்பு அவர் அஞ்சிய அளவுக்குப் போகவில்லை என்று பிற்கால ஆய்வுகள் வாதிட்டன. பட்டினி தடுக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் உழவரின் விளைச்சல் உயரவில்லை. அதை உயர்த்தியது வேறொன்று. பொள்ளாச்சிக்காரரான உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை இறக்குமதி செய்ய முடிவெடுத்தார். அந்தக் குட்டை ரகங்களுக்குப் பின்னால் ராக்பெல்லர் அறக்கட்டளை மெக்சிகோவில் பல ஆண்டுகள் செலவிட்ட ஆராய்ச்சிப் பணம் இருந்தது. ஒரு கோடி டன் தானியம் ஓர் ஆண்டின் பசியை ஆற்றியது. 18,000 டன் விதை பஞ்சாப் உழவரின் வருமானத்தையே மாற்றியது.

உதவியின் பலனைத் தேடுவோர் கவனிக்க வேண்டிய இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு திட்டத்துக்கென வந்த பணம், அரசு எப்படியும் செலவிடவிருந்த சொந்தப் பணத்தை விடுவித்துவிடலாம். இந்தியாவை ஆராய்ந்த வினயா ஸ்வரூப், ஷிகா ஜா, சுனில் ராஜ்குமார் மூவரும் 2000இல் இதைக் காட்டினர். மாநிலத் திட்டங்களுக்கு வெளிநாட்டு உதவி வந்தபோது மத்திய அரசு அந்த மாநிலங்களுக்குத் தரும் பிற நிதியைக் குறைத்துக்கொண்டது. பெயர்ப்பலகையில் வெளிநாட்டு அமைப்பின் பெயர் இருந்தாலும், அந்தப் பணத்தால் கூடுதலாக எதுவும் நடக்காமல் போகலாம்.

இந்தப் பின்னணியில் புதுச்சேரி பயனுள்ள சான்று. 2011 கணக்கெடுப்பின்படி 12.48 லட்சம் மக்கள் வாழும் சிறிய ஒன்றியப் பகுதி அது. உதவியால் வளர்ந்த ஊர் என்று அதைச் சொல்ல முடியாது. 1980களுக்குப் பின் வரிச்சலுகையால் வந்த தொழிற்சாலைகளும் மத்திய அரசின் நிதியும் அரசு வேலைகளும் அதன் தலா வருமானத்தை நாட்டின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தன. அதற்கு முன் மாதச் சம்பளத்தை ஆயிரக்கணக்கானோருக்குத் தந்தவை சவானா, ரோடியர், கப்ளே பஞ்சாலைகள். 1898இல் தொடங்கிய ரோடியர் மில் 2020இல் மூடப்பட்டபோது நகரம் இழந்த வருமானத்துக்கு ஈடாக எந்த உதவித் திட்டமும் வரவில்லை. ஆனால் பலவகை வெளிநாட்டுப் பணம் இந்தச் சிறிய பரப்பில் அருகருகே வந்து சேர்ந்ததால், ஒவ்வொன்றும் எங்கே போனது என்று பின்தொடர முடிகிறது.

அவற்றில் மிகப் பழையது உதவி என்ற கணக்கிலேயே வராதது. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 5,000 பேர் அப்படிக் கொடுத்தனர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி, இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் போர் கண்டு திரும்பிய பலர் அவர்களில் இருந்தனர். ஊரார் சொல்தா என்று அழைக்கும் இந்தக் குடும்பங்களுக்கு ஓய்வூதியம் முதலில் ஃபிராங்கிலும் 2002 முதல் யூரோவிலும் வந்தது. ரூபாயின் மதிப்பு 1966 ஜூனிலும் 1991இலும் குறைக்கப்பட்டபோது உள்ளூர்ச் சம்பளக்காரர் விலைவாசியால் நசுங்கினர். சொல்தா வீட்டில் ரூபாய்க் கணக்கில் வருமானம் கூடியது.

இந்தப் பணம் இடைத்தரகர் இல்லாமல், உரிமையாக, மாதந்தோறும் தனிமனிதர் கைக்கு வந்தது. அது குடும்ப வருமானத்தை உயர்த்தியது என்பதை நிறுவ எந்தப் புள்ளியியல் நுட்பமும் தேவையில்லை. மாடி வீடுகள் எழுந்தன. கொத்தனாருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் வீட்டு வேலை செய்த பெண்களுக்கும் அதில் ஒரு பங்கு போனது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளைக்கு வரதட்சணையும் ஏறியது. ஆனால் ஊரில் உற்பத்தி செய்யும் எதையும் அது பெருக்கவில்லை. பிள்ளைகள் லிசே பிரான்சே என்னும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துப் பிரான்சுக்குப் போயினர். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் போலிப் பத்திரம் மூலம் பறிக்கும் வழக்குகள் இன்று புதுச்சேரியின் தனித்த பிரச்சினைகளில் ஒன்று. ஓய்வூதியம் உழைப்புக்கான கடன். அதை உதவியோடு ஒப்பிடுவது ஓர் அளவுகோலுக்காக மட்டுமே. வருமானம் உயர்வதும் வருமானம் ஈட்டும் திறன் உயர்வதும் வெவ்வேறு என்பதை இது காட்டுகிறது.

திறனை உயர்த்த முயன்ற சிறிய திட்டம் ஒன்று 1998இல் தொடங்கியது. சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியுடன் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. நெல் விலை, அரசு நலத்திட்டங்களில் யார் யாருக்கு உரிமை உண்டு, மருத்துவமனைச் சேவைகள் போன்ற செய்திகள் தமிழில் கிடைத்தன. கடற்கரைக் கிராமமான வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். கட்டுமரத்தில் போகிறவருக்கு அன்றைய நாள் கடலுக்குப் போகலாமா என்பது வருமானத்தையும் உயிரையும் சேர்த்தே முடிவு செய்யும் செய்தி.

தகவல் வருமானமாக மாறும் வழியைக் கேரளக் கடற்கரையில் ராபர்ட் ஜென்சன் துல்லியமாக அளந்தார். 1997க்கும் 2001க்கும் இடையே கைபேசி அங்கு பரவியபோது, எந்தத் துறையில் மத்திக்கு நல்ல விலை என்று கரை சேரும் முன்பே கேட்டறிய முடிந்தது. மீன் வீணாவது அநேகமாக நின்றது. மீனவரின் லாபம் சராசரியாக 8 விழுக்காடு உயர்ந்தது. அதே நேரத்தில் வாங்குவோருக்கு விலை 4 விழுக்காடு குறைந்தது. அங்கு மீனுக்கும் படகுக்கும் குறைவில்லை. எங்கே விற்பது என்ற செய்திக்குத்தான் குறைவிருந்தது.

2004 டிசம்பர் 26 காலை புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்தில் அத்தகைய தகவல் மையம் ஒன்றின் ஒலிபெருக்கி வேறொன்றுக்குப் பயன்பட்டது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்து வீட்டுக்குத் தொலைபேசினார். ஊரார் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தனர். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் உயிரிழப்பு இல்லை. ஒன்றியப் பகுதி முழுவதிலும் அன்று அறுநூறு பேருக்கு அருகில் இறந்தனர், பெரும்பாலோர் காரைக்காலில். ஒரு கணினியும் ஒலிபெருக்கியும் கொண்ட திட்டத்தின் இந்தப் பலனை எந்தத் தலா வருமானக் கணக்கும் பதிவு செய்யாது.

சுனாமிக்குப் பின் வந்த பணம் அளவில் பெரியது. அதற்கு முன் 2003இல், அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஜெர்மனி, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம் தவிர மற்றவரிடமிருந்து அரசுகளுக்கிடையிலான உதவியை இனி வாங்குவதில்லை என்று இந்தியா முடிவு செய்திருந்தது. 2004இல்தான் பிரான்ஸ் உள்ளிட்ட மற்ற ஜி-8 நாடுகளுக்கும் கதவு திறந்தது. சுனாமியின்போது உடனடி நிவாரணத்துக்கு வெளிநாட்டு அரசுகளின் உதவி வேண்டாம் என்று மன்மோகன் சிங் அரசு அறிவித்தது. மறுகட்டமைப்புக்குப் பன்னாட்டு வங்கிகளின் கடன் ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமாக உலக வங்கி 2005 மே மாதத்தில் 46.5 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. தொண்டு நிறுவனங்கள் வழியே உலகெங்கிலுமிருந்து நன்கொடை குவிந்தது.

அந்த நன்கொடையில் கணிசமான பங்கு படகாக மாறியது. கொடுப்பவர் கண்ணுக்குப் படகு தெளிவான இழப்பு. அதில் நிறுவனத்தின் பெயரை எழுதலாம், வழங்கும் நிகழ்ச்சியைப் படமெடுக்கலாம். கட்டுமரம் இழந்தவருக்குக் கட்டுமரம் திரும்பவில்லை. வெளிப்புற இயந்திரம் பொருத்திய ஃபைபர் படகு வந்தது. முன்பு கூலிக்குப் போனவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து படகுக்கு உடைமையாளர் ஆனார்கள். தமிழ்நாடு, புதுச்சேரிக் கரை நெடுகிலும் ஃபைபர் படகுகளின் எண்ணிக்கை சுனாமிக்கு முன்பிருந்ததைத் தாண்டியது.

கூலியாக இருந்தவர் உடைமையாளர் ஆவது சிறிய மாற்றமல்ல. சமூக நீதியாக அதைக் கண்டு பலர் மகிழ்ந்ததும் நியாயமே. வருமானக் கணக்கு வேறு திசையில் போனது. கரையோரக் கடலில் மீனின் அளவுக்கு எல்லை உண்டு. யாரும் நுழையலாம் என்ற பொது வளத்தில் கருவிகள் பெருகப் பெருக ஒவ்வொருவரின் பங்கும் தேய்ந்து, கடைசியில் செலவும் வரவும் சமமாகும் இடத்தில் போய் நிற்கும் என்று ஸ்காட் கார்டன் 1954இல் மீன்பிடித் தொழிலை வைத்தே விளக்கியிருந்தார். கட்டுமரத்துக்கு எரிபொருள் தேவையில்லை. ஃபைபர் படகுக்குத் தினமும் எரிபொருள் வேண்டும், இயந்திரம் பழுதானால் உதிரிப் பாகம் வேண்டும். எண்ணெய்ச் செலவைக் கழித்த பிறகுதான் படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிப்பது வழக்கம். அந்தச் செலவு ஏறியதும் பங்கு சுருங்கியது. எல்லாரும் உடைமையாளரானதால் படகுக்கு ஆள் கிடைக்காத நிலையும் சில ஊர்களில் வந்தது. இயந்திரத்துக்கும் வலைக்கும் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பிடித்த மீனை அவரிடமே அவர் சொன்ன விலைக்குப் போட வேண்டியதாயிற்று.

படகு இல்லாமல் கடலோரத்தில் வாழ்ந்தவர்களை இந்தப் பணம் வெகு தாமதமாகவே கண்டது. கூடையில் மீன் சுமந்து விற்ற பெண்களுக்கு முதலீடும் கூடையும் பாத்திரமும் போயிருந்தன; அவர்கள் இழப்பு பட்டியலில் சிறிதாகத் தெரிந்தது, ஆனால் வீட்டின் அன்றாடச் செலவு பெரும்பாலும் அவர்கள் கையில்தான் நடந்தது. நிவாரணப் பொருளைப் பிரிக்கும் பொறுப்பு பல இடங்களில் ஊர்ப் பஞ்சாயத்திடம் போயிற்று. தலைக்கட்டு வரி கட்டும் ஆண்களை வைத்து எண்ணும் அந்த அமைப்பு, ஊருக்குள் சமமாகப் பிரிப்பதில் நேர்மையாக நடந்துகொண்ட இடங்களிலும், கைம்பெண்களையும் அருகில் வாழ்ந்த பட்டியல் சாதி விவசாயக் கூலிகளையும் கணக்குக்கு வெளியே விட்டது உண்டு. பிந்தையவர்கள் கூலிக்குப் போன வயல்கள் உப்பேறிக் கிடந்தன. வேலை நாட்கள் போயின.

வருமானத்தைப் பல ஆண்டுகள் தள்ளி மாற்றும் உதவியும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975இல் புதுச்சேரியில் நிறுவிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், யானைக்கால் நோயைப் பற்றிய உலக சுகாதார அமைப்பின் ஒத்துழைப்பு மையமாகவும் இயங்குகிறது. அதன் ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்நோயால் இந்தியா ஆண்டுதோறும் இழந்தது 80 கோடி டாலருக்கும் அதிகம். அதில் பெரும்பகுதி மருத்துவச் செலவு அல்ல, வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலி; நோயைத் தடுக்கும் உதவி காப்பது அந்தக் கூலியைத்தான். தமிழ்நாட்டில் உலக வங்கிக் கடனுடன் 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் சிறு குழந்தைகளின் எடையை மாதந்தோறும் பார்த்து, தேறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு தந்தது; கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு கணிசமாகக் குறைந்தது. அன்று இரண்டு வயதான குழந்தை சம்பாதிக்கத் தொடங்கியது 2000த்தை ஒட்டி. நான்கைந்து ஆண்டு வளர்ச்சியை அளக்கும் எந்தச் சமன்பாட்டிலும் அந்தக் குழந்தை இல்லை.

நகரத்துக்குள் குறைந்த செலவில் நடந்த ஒரு முயற்சியும் கவனத்துக்குரியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ், 2002 முதல் 2004 வரை இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ ஆகிய நகரங்களும் பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் சேர்ந்து, கால்வே சுப்புராய செட்டியார் வீதி என்னும் வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகளைச் சீரமைத்தன. கடற்கரைப் பக்கத்து வெள்ளையர் பகுதியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணிகள் பெரிய வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்கு வருவது அரிதாக இருந்த காலம் அது. திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட பழைய வீட்டைப் பராமரிப்பதைவிட இடித்து அடுக்குமாடி கட்டுவதே உடைமையாளருக்கு இலாபமாக இருந்தது. நூற்றுக்கணக்கான வீடுகள் அப்படிப் போயின. வீடுகளும் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தர்களும் இருந்தனர். தெரு முழுவதையும் சேர்த்துச் சீரமைத்தால் அதற்கு மதிப்பு உண்டு என்ற சான்றுதான் இல்லை. தனி வீட்டுக்காரர் அந்தச் செலவைத் தன் பொறுப்பில் ஏற்கமாட்டார், ஏனெனில் பலன் தெருவுக்கெல்லாம் போகும். உதவிப் பணம் அந்த இடத்தில் விழுந்தது. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது இந்த வீதிக்குக் கிடைத்தது. தமிழர் பகுதியில் பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறும் போக்கு அதன்பின் வலுத்தது. இந்த வருமானத்தில் பெரும்பங்கு சொந்த வீடு உள்ளவர்களுக்கே போகிறது. அங்கு வாடகைக்கு இருந்தவருக்கு வாடகை உயர்ந்தது என்பதும் இதே கணக்கின் மறுபக்கம்.

இன்று புதுச்சேரிக்கு வரும் வெளிநாட்டு உதவி பெரும்பாலும் கடன். இந்தியாவின் மொத்த வருமானத்தில் உதவியின் பங்கு 1960களில் இருந்த நிலையிலிருந்து மிகச் சிறிய பின்னமாகக் குறைந்துவிட்டது. கொடுப்பவர்களின் நோக்கமும் வறுமை ஒழிப்பிலிருந்து நகரக் கட்டமைப்புக்கும் பருவநிலைக்கும் நகர்ந்துள்ளது. 2008இல் இந்தியாவில் பணியைத் தொடங்கிய பிரெஞ்சு வளர்ச்சி முகமை, 2016 ஜனவரியில் சண்டிகர், நாக்பூர், புதுச்சேரி ஆகிய மூன்று நகரங்களுக்கு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உதவ ஒப்பந்தம் செய்தது. புதுச்சேரியின் குடிநீர் வழங்கலை மேம்படுத்தவும் அது கடன் தருகிறது. மூன்று நகரங்களில் ஒன்றாகப் புதுச்சேரி தேர்வானதில், அலெசினாவும் டாலரும் சொன்ன காலனி உறவின் நிழல் தெரிகிறது.

தண்ணீர் இங்கு உண்மையான பற்றாக்குறை. நகரம் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறது. கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து கொண்டுவந்த நீர்தான் ஒருகாலத்தில் நகரத்தின் ஆதாரம். பாரதி பூங்காவின் ஆயி மண்டபம் அதன் நினைவாக எழுந்தது. இன்று ஏழைக் குடும்பங்களும் கேன் தண்ணீருக்குக் காசு கொடுக்கின்றன. குழாயில் நல்ல நீர் வந்தால் அந்தச் செலவு மிஞ்சும். அது அவர்களுக்கு வருமான உயர்வுக்குச் சமம். ஆனால் நகருக்கு வெளியே ஆழ்துளைக் கிணறு தோண்டி நீர் கொண்டுவரும் யோசனைக்கு அப்பகுதி உழவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களின் நெல்லும் கரும்பும் நிற்பதும் அதே நீரில்தான்.

கடனைத் திருப்பும் வழியும் வருமானக் கேள்வியின் பகுதியே. ஒன்றியப் பகுதி என்பதால் புதுச்சேரி நிதிக் குழுவின் பங்கீட்டில் சேர்வதில்லை. அதன் வரவு செலவு மத்திய உள்துறையின் ஒதுக்கீட்டையும் சொந்த வரியையும் சார்ந்தது. கடன் வெளிநாட்டு நாணயத்தில் கணக்கிடப்படும்போது ரூபாய் சரிந்தால் தவணை ஏறும். சொல்தா வீடுகளுக்கு இலாபமாக இருந்த அதே நாணய மாற்றம், குடிநீர்க் கடனில் எதிர்த் திசையில் வேலை செய்யும். அந்தக் கூடுதல் சுமையைத் தண்ணீர்க் கட்டணத்தில் ஏற்றினால் கேன் தண்ணீரில் மிஞ்சிய காசு குறையும். அரசே ஏற்றால் பள்ளி, மருத்துவமனை, மீனவர் நிவாரணம் ஆகியவற்றுக்கான ஒதுக்கீடு அதனுடன் போட்டியிட வேண்டிவரும்.